எல்லார் அப்பாவும் வாங்கித் தந்த சைக்கிள்

"சின்ன வயசுல சைக்கிளே ஓட்டினதில்லைன்னு சொன்னா, எக்ஸாமினர் உனக்கு இன்னாம்மா மார்க் போடுவாங்க?"

பெல்வின் சார் மார்க்கர் பேனாவை மேசைமேல் போட்டார். செவ்வந்தி பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள்.

ஆலங்காயத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை அவளுக்கு. வெளிநாட்டில் வேலை தயாராக இருந்தது. ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் மட்டும் ஒருமுறை கோட்டை விட்டுவிட்டாள். அதற்காகத்தான் பெல்வின் சாரின் பயிற்சி வகுப்பில் சேர்ந்திருந்தாள். இந்தத் தடவையும் விட்டால் அந்த வேலை வேறு யாருக்கோ போய்விடும்.

"எங்க ஊரு மலைல, புதூர்நாட்டுக்கும் மேல சார். ஒரே மேடும் பள்ளமும். சின்ன புள்ளைங்க யாரும் அங்க சைக்கிள் ஓட்ட மாட்டாங்க."

"உங்க ஊரை யாரு கேட்டாங்க? சிறுவயதில் சைக்கிள் வைத்திருந்தீர்களா, அதான் கேள்வி. சிவசங்கர், பதில் சொல்லு."

சிவசங்கர் எழுந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஆங்கிலத்தில் கடகடவென்று ஒப்பித்தான். ஐந்தாவது பிறந்தநாளுக்கு அப்பா சிவப்பு சைக்கிள் பரிசளித்தார். ஞாயிறுதோறும் பூங்காவில் ஓட்டினேன். குளிர்ந்த காற்று என் கூந்தலைத் தழுவியது.

போன வாரம்தான் அவன் திருப்பதியில் மொட்டை போட்டுவிட்டு வந்திருந்தான். யாரும் சிரிக்கவில்லை. அந்த வகுப்பில் எல்லாருக்கும் அதுதான் பதில்.

"உண்மையச் சொன்னா ஆவாதா சார்?"

"உண்மைய கோயில்ல போய் சொல்லு. எக்ஸாமினர்கிட்ட பதிலைச் சொல்லு."

செவ்வந்தி உட்கார்ந்து மனப்பாடம் செய்தாள்.

சென்னையில் தேர்வு. கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் எதிரே உட்கார்ந்திருந்தார். பேர், ஊர், வேலை எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, சார் சொன்ன கேள்வியையே கேட்டார்.

"என் ஐந்தாவது பிறந்தநாளுக்கு அப்பா..." என்று செவ்வந்தி ஆரம்பித்தாள்.

"சிவப்பு சைக்கிளா?" என்றார் அந்த அம்மாள்.

"ஆமாம்."

"பூங்காவில்?"

"ஆமாம்."

"காற்று உங்கள் கூந்தலைத் தழுவியதா?"

செவ்வந்தி தலையை மட்டும் ஆட்டினாள்.

"காலையிலிருந்து வந்த எல்லாருக்கும் அவரவர் அப்பா சிவப்பு சைக்கிள்தான் வாங்கித் தந்திருக்கிறார். உங்கள் அப்பா நிஜமாக என்ன செய்தார்?"

வேலை போயிற்று என்று நினைத்தாள். போனதுதான் போயிற்று, அப்பாவைப் பற்றியாவது உள்ளதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வாயைத் திறந்தாள்.

பதினொன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் இலவச சைக்கிள் கொடுத்தார்கள். லீவில் அதை ஜீப் மேல் கட்டி ஊருக்குக் கொண்டுபோனாள். ஜீப் நிற்கிற இடத்திலிருந்து வீட்டுக்கு ஒற்றையடிப் பாதை, நடுவில் ஓடை. அப்பா சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மேடேறினார். ஊரே சிரித்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவர் மட்டும் சாமி தூக்குகிறவர் மாதிரி நிமிர்ந்து நடந்தார்.

"எங்கள் ஊரில் நாங்கள் சைக்கிள்மேல் ஏறியதைவிட, சைக்கிள் எங்கள்மேல் ஏறியதுதான் அதிகம்."

நடந்ததெல்லாம் நடப்பதாகவும், நடப்பதெல்லாம் நடந்ததாகவும் அவள் ஆங்கிலம் தடுமாறியது. அந்த அம்மாள் பேனாவை விட்டுவிட்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அப்புறம் ஓட்டினீர்களா?"

"ஒரே தடவை. இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. சாமை விளைந்திருந்த கொல்லைக்குள் போய் விழுந்தேன். கொல்லைக்கார அம்மா திட்டிக்கொண்டே ஓடி வந்து, என் முட்டியில் மஞ்சள் வைத்துவிட்டு, அப்புறம் மிச்சத்தையும் திட்டினார்."

அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். அதன்பிறகு கேட்டதெல்லாம் தேர்வுக் கேள்வி மாதிரியே இல்லை. செவ்வந்தியும் பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி பேசிவிட்டு வந்தாள்.

ரிசல்ட் வந்தது. செவ்வந்தி பாஸ். நல்ல மார்க். பூங்காவில் சைக்கிள் ஓட்டியவர்கள் ஒருவரும் தேறவில்லை.

ஸ்வீட் பாக்ஸோடு அவள் வகுப்புக்குப் போனபோது, வாசலில் அவள் படம் போட்ட பேனர் தொங்கியது. உள்ளே புது பேட்ச் நிரம்பி வழிந்தது.

நடந்ததை அவள் சொல்லி முடித்ததும் பெல்வின் சார் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தப்பு என்மேலதான்மா. பொய்யைச் சொல்லிக் குடுத்து எத்தினி பேரைக் கெடுத்திருக்கேன். இனிமே இந்த கிளாஸ்ல பொய்யே கிடையாது."

 இந்த மனுஷனைப் போய்த் தப்பாக நினைத்தோமே என்று செவ்வந்திக்கு இருந்தது.

சார் போர்டில் எழுதியிருந்த சிவப்பு சைக்கிளை அழித்தார். பூங்காவை அழித்தார். கூந்தலை அழித்தார். பிறகு மார்க்கரைத் திறந்து, ஜீப், ஓடை, அப்பா தோள், சாமைக் கொல்லை என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார்.

வகுப்பைப் பார்த்துத் திரும்பினார்.

"எல்லாரும் எழுதிக்கோங்க. நாளைக்கு வரும்போது இந்த உண்மைய ஒரு எழுத்து மாறாம மனப்பாடம் பண்ணிட்டு வரணும்."