தண்ணீரில் போட்ட கல்

“தண்ணி வேணா சார். கல்லு வீணாப்பூடும்,” என்றான் வீட்டு முன்னறையில் கல் தேய்க்கும் கடை வைத்திருந்த உத்தமன்.

எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கஜபதி சிரிக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவர். ஏமாற்றிய டிரைவரை நடுரோட்டில் நிறுத்தி அறைந்தவர் என்று மண்ணூர்பேட்டை முழுக்கப் பேச்சு. அவர் உள்ளங்கையில் ஓப்பல் கல், பச்சையும் சிவப்புமாக மின்னிக்கொண்டிருந்தது.

எத்தியோப்பியாச் சுரங்கத்துக் கல் அது. அங்கே கட்டடக் கம்பெனியில் வேலை பார்க்கும் அவர் மகன் விக்ரம், தங்கை வர்ஷாவின் நிச்சயதார்த்த மோதிரத்துக்காக மண் ஒட்டிய கட்டியாக அனுப்பியிருந்தான். உத்தமன் அதைக் குச்சி முனையில் அரக்கு வைத்து ஒட்டி, சக்கரத்தில் பதமாகத் தேய்த்து வழவழப்பாக்கி, இப்போதுதான் அவர் கையில் கொடுத்திருந்தான். வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் இன்று காலை விக்ரம் போனில் அப்பாவிடம் ஒரு சோதனை சொல்லிவிட்டான். அந்த ஊர் ஓப்பல் தண்ணீரைக் குடிக்குமாம். ஊறினால் நிறமெல்லாம் போய்த் தண்ணீர் மாதிரித் தெளிந்துவிடும். காய்ந்தால் நிறம் திரும்பிவிடும். கண்ணாடியில் செய்த போலி என்றால் எவ்வளவு ஊறினாலும் அப்படியே மின்னும்.

நாளைக்குப் பார்க்கலாம் என்றான் உத்தமன். பாலிஷ் போட்ட சூடு ஆறட்டும் என்றான். கஜபதி இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

அதற்குள் உத்தமனின் மனைவி சாவித்திரி, கண்ணாடி டம்ளரில் தளும்பத் தளும்பத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். உன்னை யார் கேட்டது என்பதுபோல் உத்தமன் முறைத்தான். அவள் கண்டுகொள்ளாமல் வாசல் பெருக்கப் போனாள்.

கல் டம்ளரின் அடியில் போய் உட்கார்ந்தது. அப்படியே மின்னியது.

“மாறலன்னு வெச்சுக்க,” கஜபதி நிதானமாகச் சொன்னார், “நீ இந்த ஏரியாவுல கட வெச்சுகினு இருக்க மாட்ட.”

உத்தமன் டம்ளரையே பார்த்தான். ஒரு முறை திருடன் என்று பெயர் வந்தால் போதும், அப்புறம் ஒருத்தனும் கல்லை நம்பிக் கொடுக்க மாட்டான். போலீஸ், ஜெயில் என்று என்னென்னவோ ஓடியது. எழுந்து ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தான்.

கல் இன்னும் மின்னிக்கொண்டுதான் இருந்தது. கஜபதி சட்டைக் கையை மடித்துவிட்டார்.

மெல்ல, ஓரத்திலிருந்து சிவப்பு மங்கியது. பிறகு பச்சை. கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்குள் கல் கிடப்பதே தெரியவில்லை.

கஜபதி எழுந்து உத்தமனின் தோளைத் தட்டினார். சந்தேகப்பட்டதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லி, கல்லைத் துடைத்து எடுத்துக்கொண்டு புல்லட்டில் கிளம்பினார்.

வண்டிச் சத்தம் தேய்ந்ததும் உத்தமன் பாய்ந்து போய்ப் பரணிலிருந்த அரக்கு டப்பாவை இறக்கினான். மூடியை நகத்தால் நெம்பினான்.

சாவித்திரி துடைப்பத்தைச் சுவர் ஓரமாகச் சாய்த்தாள்.

“அதுல இப்ப நீ அவருக்குத் தர வெச்ச கண்ணாடிதான்யா கீது. நீ ஒளிச்சு வெச்ச அவரு கல்ல, ராத்திரியே நான் திருப்பி வெச்சிட்டேன்.”