இறக்கினால் ஏறும் பிக்கப்

மருமகள் இரும்புத் துண்டைக் கிதார் தந்திகளின் மேல் வைத்து ஒரு இழுப்பு இழுத்ததுதான் தாமதம், கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த டிவி பட்டென்று நின்றது.

"பார்த்தீங்களா, உங்கப்பா ஆரம்பிச்சுட்டார்," என்று கணவனிடம் கிசுகிசுத்தாள். கையோடு ஆம்ப்ளிஃபயரின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தாள்.

குறைத்து என்ன புண்ணியம்? குழைந்து அழ வேண்டிய இடத்தில் அந்த பெடல் ஸ்டீல் கிதார், தொண்டை கட்டியவன் பாடுவது போலக் கரகரத்தது. சாயங்காலம் ஒத்திகை. "இன்னொரு தடவை இந்தக் கரகரப்போட வந்தீங்கன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்று போன ஒத்திகையிலேயே பேண்ட் மாஸ்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வருஷக்கணக்கில் நாயாய் அலைந்து, கெஞ்சி, வாசித்துக் காட்டிப் பிடித்த இடம் அது. போனால் போனதுதான்.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த மெக்கானிக்குக்கும் வியர்த்துக் கொட்டியது. சட்டையில் எந்நேரமும் பற்றவைத்த ஈயத்தின் வாசனை அடிப்பதால் பேண்டில் எல்லோருக்கும் அவர் 'ஈயம் அண்ணன்'.

"வயரை மாத்தியாச்சு. கால் பெடலைக் கழட்டித் துடைச்சாச்சு. ஆம்ப்ளிஃபயரும் என்னோடதையே கொண்டுவந்து போட்டாச்சு. இன்னும் கரகரன்னா நான் எங்கே போய் முட்டிக்கறது? சத்தத்தைக் கூட்டும்மா தங்கச்சி, அப்பத்தான் கோளாறு எங்கேன்னு பிடிபடும்."

"ஐயோ வேண்டாம்ணே. மாமா காதுல விழுந்தா அவ்ளோதான்."

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. நாலு காலும், அடியில் பெடல்களுமாக இந்தக் கிதார் வீட்டுக்குள் வந்த அன்று மாமனார் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது என்ன, இஸ்திரி போடற மேஜையா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றிலிருந்து அவள் வாசிப்பதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டுதான்.

கூடத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அது நேரே அறைக் கதவுக்கு வெளியே வந்து நின்றது.

"வந்துட்டார். இப்ப இருமுவார் பாருங்க."

இருமினார்.

"நீங்க கொஞ்சம் உட்காருங்களேன்! குறுக்கும் நெடுக்கும் நடந்தா எனக்குத் தலை சுத்துது," என்று அவள் கணவன் மேல் பாய்ந்தாள். பாவம், அவன் உட்கார்ந்தான். உட்கார்ந்து காலை ஆட்டினான்.

ஈயம் அண்ணன் டார்ச்சை அடித்துத் தந்திகளுக்கு அடியில் எட்டிப் பார்த்தார். "அடக் கொடுமையே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னண்ணே?"

"பிக்கப் தந்தியோட ஒட்டி உறவாடிக்கிட்டு நிக்குது! இவ்ளோ கிட்ட வந்தா காந்தம் தந்தியைப் பிடிச்சு இழுக்காதா? சத்தம் உடையாம என்ன பண்ணும்?"

தந்தியின் அதிர்வை வாங்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் காந்தக் கட்டைதான் பிக்கப். அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால்தான் நாதம்.

"போன வாரம் நீங்கதானே இறக்கி விட்டீங்க?" என்றான் கணவன்.

"நானேதான். அதுக்கு முந்தின வாரமும் நானேதான்! அதனாலதான் இன்னிக்கு அதைச் சந்தேகப்படவே தோணலை."

"ஆடி ஆடித் தானா ஏறியிருக்குமோ?"

"லூசான ஸ்குரூ இறங்கும் சார், ஏறாது. இது யாரோ ஸ்குரூ டிரைவர் வச்சுத் திருகின வேலை."

அந்த வீட்டில் இருப்பது மூன்றே பேர். அதில் இரண்டு பேர் இங்கே இருக்கிறார்கள்.

"'ஏத்தினா சத்தம் கூடும், இறக்கினா குறையும்'னு நீங்க எனக்குக் காட்டினப்ப, மாமா இந்த அறை வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாரு," என்றாள் மருமகள். "நான் கடைக்குப் போற நேரம் பார்த்து உள்ளே வந்திருக்காரு."

ஈயம் அண்ணன் ஸ்குரூவைத் திருகி பிக்கப்பை இறக்கினார். அவள் ஒரு இழுப்பு இழுத்தாள். கரகரப்பு போன இடம் தெரியவில்லை. ஆனால் சந்தோஷப்பட யாருக்கும் தோன்றவில்லை.

கணவன் எழுந்த வேகத்தில் கதவைத் திறந்தான். கதவோடு கதவாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமனார் தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்தார்.

"பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்லப்பா? இவ வேலைக்கே வேட்டு வைக்கணுமா?"

"என்னடா உளறுறே?"

"அந்த ஸ்குரூவைத் திருகினது நீங்களா, இல்லையா?"

"நான்தான். அதுக்கென்ன இப்போ?"

கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் சொன்னார் மனிதர். ஈயம் அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏன் மாமா?" மருமகளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணினேன்? உங்களுக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு கதவைச் சாத்திக்கிட்டு, சத்தத்தைக் குறைச்சு வச்சுக்கிட்டுத்தானே வாசிக்கறேன்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்!" என்று எரிந்து விழுந்தார் மாமனார். "நீ கதவையும் சாத்திட்டு, சத்தத்தையும் குறைச்சுட்டா, வெளியே உட்கார்ந்திருக்கற எனக்கு எப்படிம்மா கேக்கும்?"