எல்லாருக்கும் ஓர் இடம்

“என்ன பெயிண்டரே, சுவரை இப்படி வழவழன்னு ஆக்கி வச்சிருக்கீங்க?” என்று பாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பெயிண்டருக்குப் புரியவில்லை. “வழவழன்னு இருந்தா தப்பா சார்?”

“செங்கல் தெரியணும்னு சொன்னேன்ல? பழைய கட்டடம் மாதிரி இருக்கணும்.”

“பழைய கட்டடமாத்தானே சார் இருந்துச்சு. நீங்கதானே அசிங்கமா இருக்குன்னு பட்டி பார்க்கச் சொன்னீங்க?”

“அது நிஜப் பழசு. எனக்கு வேணும்கிறது அழகான பழசு. அந்த மூலையில மட்டும் கொஞ்சம் கொத்தி விடுங்க.”

பெயிண்டர் உளியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். ஹாலை வாடகைக்கு விட்ட ஓனர்தான், ‘இந்த ஹாலைப் பத்தி அவருக்குத் தெரியாதது கிடையாது’ என்று சிபாரிசு செய்து அவரை அனுப்பி வைத்திருந்தார். உண்மைதான். எந்த ஜன்னலைத் தூக்கித் தள்ளினால் மூடும், எந்த மழைக்கு எங்கே ஒழுகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

பாஸ்டருக்கு முப்பத்திரண்டு வயது. அங்கி கிடையாது, முழங்கால் கிழிந்த ஜீன்ஸ்தான். வாசல் போர்டில்கூட சபை, ஆலயம் என்ற பேச்சே இல்லை. ‘எல்லாருக்கும் ஓர் இடம்’ என்று மட்டும் எழுதியிருந்தது. உள்ளே காபி மெஷின், தொங்கும் குண்டு பல்புகள், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத மெத்தைப் பைகள். வட்டமாக உட்காருவதா, அரைவட்டமாக உட்காருவதா என்று கமிட்டி மூன்று கூட்டம் போட்டு மண்டையை உடைத்துக்கொண்டது. உட்கார ஆள் வருமா என்பதைப் பற்றி மட்டும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

அதுதான் இப்போது பாஸ்டரின் கவலை. வரும் ஞாயிறு திறப்பு. தலைமைச் சபையிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள். இந்தத் தெருக்காரர்கள் நாற்பது பேராவது வந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. இல்லாவிட்டால் கடையைக் கட்டிவிட்டு, பெரிய பாஸ்டரின் பைபிளையும் தண்ணீர் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடக்கும் பழைய வேலைக்கே திரும்ப வேண்டியதுதான். நினைத்தாலே இவருக்கு அழுகை வந்தது.

வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தாயிற்று. எல்லாரும் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆனால் இந்தப் பெயிண்டர் ஏணியில் நின்றால் போதும், எதிர் சலூன்காரர் முதல் மாடி வீட்டுத் தையல்காரம்மா வரை யாரும் வாசலில் நின்று ஒரு வார்த்தை விசாரிக்காமல் போவதில்லை.

பாஸ்டர் ஏணிக்கு அடியில் வந்து குரலைக் குழைத்தார். “அண்ணே...”

பெயிண்டர் திரும்பிப் பார்த்தார். இரண்டு வாரத்தில் இன்றுதான் அவர் அண்ணன் ஆகியிருந்தார்.

“உங்க பேச்சைத் தெருவே கேக்கும் போலிருக்கே. ஞாயித்துக்கிழமை ஒரு நாப்பது பேரைக் கூட்டிட்டு வாங்கண்ணே.”

“நாப்பது பேரா...” பெயிண்டர் இழுத்தார். “அவங்க வரமாட்டாங்க சார். ஞாயித்துக்கிழமை காலையில அவங்களுக்கு ஜோலி இருக்கு.”

“என்ன ஜோலி, தூங்குறதா? ஆண்டவரைத் தெரியாத ஜனங்கண்ணே. நாமதான் எழுப்பி விடணும். உங்களையே எடுத்துக்குங்க, நான் குடுத்த புஸ்தகத்தைப் படிச்சீங்களா?”

பெயிண்டர் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். ‘கடவுளை அறிய முதல் படி’ அங்கே பத்திரமாக இருந்தது. அவருக்குக் கிடைத்த மூன்றாவது பிரதி அது. தினமும் டீ நேரத்தில் பாஸ்டர் அவரை உட்கார வைத்து, ஆதாம் ஏவாளிலிருந்து ஆரம்பித்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லி வந்தார். நேற்றுதான் நோவாவின் பேழை மலைமேல் தங்கியிருந்தது. பெயிண்டரும் டீ ஆறும்வரை பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

“சார், அவங்களுக்கு ஏற்கெனவே ஒரு சபை இருக்கு.”

பாஸ்டர் சிரித்துவிட்டார். “எங்கண்ணே இருக்கு? நாங்க சர்வே எடுத்திருக்கோம். இந்தச் சுத்துவட்டாரத்துல ஒரு சபை கிடையாது. அதைக் காட்டித்தான் இங்க வேலையைத் தொடங்கவே அனுமதி வாங்கினேன்.”

“சர்வே எப்ப சார் எடுத்தீங்க?”

“சாவி கைக்கு வந்த மறுநாளே.”

“அதான். ஒரு வாரம் முன்னாடி எடுத்திருந்தா ஒண்ணு கிடைச்சிருக்கும்,” என்றார் பெயிண்டர். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. “பதினோரு வருஷம் இந்த ஹால்லதான் சார் அவங்க சபை நடந்துச்சு. ஜனங்களுக்குப் பொதுவா ஒரு இடம் வரப்போகுதுன்னு சொல்லி ஓனர் காலி பண்ணச் சொல்லிட்டாரு. இப்ப ஒரு மொட்டைமாடியில கூடுறாங்க.”

பாஸ்டருக்கு முகம் சுண்டிப்போயிற்று. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது, வெட்கப்பட்டுக்கொண்டிருக்க நேரமில்லை.

“மொட்டைமாடியில வெயில்ல எதுக்குக் கஷ்டப்படணும்? அவங்களையும் நம்மளோட சேத்துக்கலாம்ணே! அவங்க பாஸ்டர்கிட்ட நானே பேசுறேன். பாவம், பெருசா ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. நான் அவருக்கு முதல்ல இருந்து சொல்லித் தர்றேன். ஆளு எங்க இருப்பாரு? கையோட கூட்டிட்டு வாங்க.”

பெயிண்டர் கையில் ஒட்டியிருந்த பட்டித் தூளைத் துடைத்தபடியே ஏணியிலிருந்து இறங்கி வந்தார்.

“வந்துட்டேன் சார். ஞாயித்துக்கிழமை மட்டும்தான் பாஸ்டர், மத்த ஆறு நாளும் பெயிண்டர்.”