காத்தடிச்சா பதினஞ்சு நாள்

தீவு வங்கியின் ஆணியில் தொங்கிய பழைய செக் பையைப் பார்த்துப் புது ஸ்கேனர் சிரித்தது. "நான் செக்கைப் படமெடுத்துக் கரைக்கு அனுப்பினா ஒரே நாள்ல வேலை முடிஞ்சிடும். உனக்கு?"

"படகுல பத்து நாள். காத்தடிச்சா பதினஞ்சு," என்ற பைக்கு அந்த அலையாட்டம் ஞாபகம் வந்தது.

அப்போது மீனவர் தொபியாஸ் ஓடிவந்தார். "சார், நான் குடுத்து வலைக்கடைக்காரர் நேத்து இங்க போட்ட செக்கை ரெண்டு நாள் நிறுத்தி வைங்க. கரை பேங்க்ல இருக்கிற என் கணக்குல கருவாட்டுப் பணம் இன்னும் ஏறலை."

"அது அப்பவே போய், பணமில்லைன்னு திரும்பியும் வந்தாச்சே," என்றார் மேனேஜர்.

"முன்னெல்லாம் படகு போய்ச் சேர்றதுக்குள்ள கருவாடு வித்துடும்," என்று முனகியபடி தொபியாஸ் படியிறங்கினார்.

பைக்கு அவர் பின்னாலேயே போக வேண்டும்போலிருந்தது.  ஸ்கேனர் அதனிடம் மெல்லக் கேட்டது:

"அண்ணே, அந்தக் காத்து எப்பவெல்லாம் அடிக்கும்?"