ஜெபக் குறிப்பு

“அண்ணாச்சி, நாளைக்கு நம்ம பள்ளிக்கூடத்துக்கு அந்த ஊசி போட வாராகளாம். என் மகளுக்குப் போடலாமா, வேண்டாமா?”

பேக்கரிக் கடை விஜய்ராஜ் கேட்டதுதான் தாமதம், பலவேசம் சிலிர்த்துக்கொண்டு நிமிர்ந்தார். தேனி பஜாரில் ஏலக்காய் மொத்த வியாபாரம் அவருக்கு. காயில் எது நயம், எது சொத்தை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அதோடு நிறுத்திக்கொண்டாரா? உலகத்தில் மற்ற எல்லாவற்றைப் பற்றியும் கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்வார்.

அன்று அவர் வீட்டில் ஜெபக்கூட்டம். சபை ஆட்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். பாஸ்டர் இன்னும் வரவில்லை. அத்தனை காதுகள் சும்மா இருக்கும்போது அண்ணாச்சி வாய் சும்மா இருக்குமா?

“எதுப்பா? பொம்பளைப் பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பை வாயில கேன்சர் வராம இருக்கப் போடுறோம்னு பீத்துறாகளே, அந்த ஊசியா? அது எப்பிடி வர்ற நோய்னு தெரியுமா உனக்கு?”

“எப்பிடி அண்ணாச்சி?”

“நாலு எடத்துல மேயுறவளுக்கு வர்ற நோய்ப்பா அது! ஒருத்தனோட ஒழுக்கமா இருக்கவளுக்கு அது ஏன் வரப்போகுது? பதினாலு வயசுலயே ஊசியப் போட்டுவிட்டா, ‘எங்கன வேணா போ தாயி, ஒண்ணும் ஆகாது’ன்னு நாமளே லைசென்ஸ் குடுத்த மாதிரி ஆயிராதா?”

முன்வரிசையில் தலைகள் ஆடின. கொரோனாவுக்கு ஏலக்காய்த் தண்ணி போதும், வேறெதுவும் வேண்டாம் என்று அவர் சொன்னபோதும் ஆடிய தலைகள்தான். அந்த வருஷம் கடையில் யாவாரம் பிரமாதமாக நடந்தது.

டீ கொண்டு வந்த மனைவி ஜெபராணி, தட்டைக் கீழே வைக்காமலே நின்றாள்.

“அப்பிடி இல்லைங்க. ஒழுக்கமா இருக்கவுகளுக்கும் வரும்னுதான் டாக்டருக சொல்றாக. நம்ம பெனிட்டாவுக்கும் நாளைக்குத்தான் போடுறாக. ஒரு கையெழுத்துதானே, போட்டுக் குடுத்துருங்க.”

“வந்துட்டாகய்யா டாக்டரம்மா!” என்றார் பலவேசம். கூடத்தில் சிரிப்பு.

ஒரு மாசமாக இதே பல்லவிதான். மதுரையில் தங்கச்சி வீட்டுக்கு இரண்டு தடவை போய்விட்டு வந்தாள். வந்ததிலிருந்து, ‘பிள்ளைக்கு அந்த ஊசியப் போட்டுருவோம், போட்டுருவோம்’ என்று அவர் உயிரை எடுத்தாள். தங்கச்சிக்காரிதான் ஓதிவிட்டிருக்கிறாள் என்று பலவேசம் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார். பெரிய கண்டுபிடிப்பு!

“உன் தங்கச்சி சொன்னாளாக்கும்?”

“யாரு சொன்னா என்னங்க? நம்ம பிள்ளைக்கு நல்லதுதானே?”

“நல்லதா? என் மக என்ன தறிகெட்டவளா? என் வீட்டுப் பொம்பளைகளுக்கு அந்த ஊசி தேவையே இல்ல. ஏன்னா அந்த நோய் என் வீட்டு வாசப்படி ஏறாது. போ, போயி பாஸ்டருக்கு நாற்காலிய எடுத்துப் போடு.”

உள்ளறைக் கதவோரம் நின்ற பெனிட்டா காதில் எல்லாம் விழுந்தது. சபை பூராவும் தன்னையே பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, பாவம், அந்தப் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டது.

“அப்ப என் மகளுக்கும் வேண்டாம்னு சொல்லிர்றேன் அண்ணாச்சி” என்றான் விஜய்ராஜ். பலவேசம் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஒரு பிள்ளையைக் காப்பாற்றிய பெருமை முகத்தில் வழிந்தது.

பாஸ்டர் வந்தார். பாட்டு முடிந்தது, வேத வாசிப்பும் முடிந்தது. “ஜெபக் குறிப்பு இருக்கவங்க சொல்லுங்க” என்றார். அவரவர் குறையை அவரவர் எழுந்து சொல்வார்கள். எல்லோரும் சேர்ந்து அதற்காக ஜெபிப்பார்கள். ஒருவர் சொல்லும்போது அடுத்தவர் குறுக்கே பேசக் கூடாது. அதுதான் வழக்கம்.

ஒருவர் மகனுக்கு வேலை கேட்டார். ஒரு அம்மா மருமகளுக்குச் சுகப்பிரசவம் கேட்டார். பலவேசம் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து, “நம்ம பிள்ளைகளைக் கெடுக்க வர்ற ஊசி, பள்ளிக்கூட வாசலோட திரும்பிப் போகணும்னு ஜெபம் பண்ணுங்க” என்றார். கூடம் பலமாக ஆமென் போட்டது.

அவர் உட்கார்ந்ததும் ஜெபராணி எழுந்தாள். பலவேசத்துக்கு ஆச்சரியம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் கூட்டத்தில் டீ கொடுத்திருக்கிறாளே தவிர, ஒரு குறிப்புச் சொன்னதில்லை. ஏதாவது முட்டி வலி, முதுகு வலி என்பாள், சொல்லிவிட்டுப் போகட்டும் என்று காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“மதுரைக்கு நான் தங்கச்சியப் பார்க்கப் போகல பாஸ்டர், ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்குக் கர்ப்பப்பை வாயில கேன்சர்னு சொல்லிட்டாக.”

பலவேசம் பதறி எழுந்து வாயைத் திறந்தார். “குறிப்புச் சொல்லி முடிக்கட்டும் அண்ணாச்சி” என்று பாஸ்டர் கையைக் காட்டி உட்காரவைத்தார்.

“நாளைக்கு என் மகளுக்கு ஊசி போட நானே கையெழுத்துப் போட்டுட்டேன். நான் கல்யாணம் பண்ணின நாள்ல இருந்து இந்த ஒருத்தரோடதான் இருக்கேன். ஆனா, நாலு எடத்துல மேஞ்சாத்தான் இந்த நோய் வீட்டுக்குள்ள வரும்னு இவுகளே இப்ப எல்லாருக்கும் முன்னாடி சொன்னாக. அதனால எனக்காக மட்டும் வேண்டாம் பாஸ்டர். ஏலக்காய் எடுக்கப் போறேன்னு மாசத்துல பாதி நாளு குமுளியிலயே தங்குற எங்க வீட்டுக்காரருக்காகவும் ஜெபம் பண்ணிக்கங்க.”