ஓசி மீன்

"ராத்தா, அந்தப் பாரை மீனை வெச்சிட்டுப் போங்க. இன்டைக்குத் தர ஏலாது."

சொல்லிவிட்டாள் ஸும்றா. ஒரு வருசமாகத் தொண்டைக்குள் நின்ற பேச்சு.

பக்கத்து வீட்டு ஸுலைஹா ராத்தா அசையவில்லை. மீன்கார ஹுனைஸின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதுமே வழக்கம்போல வேலியைத் தாண்டி வந்திருந்தாள். ஸும்றா வாங்கிய மீனை ஒவ்வொன்றாகத் தூக்கி, செவிளை விரித்து, முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "இது எனக்கு" என்று ஒன்றை எடுத்தும்விட்டாள்.

தினமும் எடுப்பாள் என்றால் அது அபாண்டம். வாரத்தில் ஒரு நாள்; சில வாரம் இரண்டு நாள். விலை மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.

அதைவிட அவளுடைய வாய்தான் பயம். சுபஹுக்குத் தில்லையடியில் அவள் காதில் விழுகிற கதை, லுஹர் பகல் தொழுகைக்கு முன்னம் பாலாவிச் சந்தியில் போய் இறங்கிவிடும்.

பாலாவி லொறிக்காரர்களுக்கு மீன் ஆணத்தோடு சோற்றுப் பார்சல் கட்டி விற்பதில்தான் ஸும்றாவின் வீடு ஓடுகிறது. போன வருசக் காய்ச்சலோடு அவளுக்கு மணம் தெரியாமல் போய்விட்டது. அழுகின மீனும் அத்தரும் அவளுக்கு ஒன்றுதான். இதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. செவிள் சிவப்பா, கண் தெளிவா, அமத்தினால் குழி விழுகிறதா என்று பார்த்தே வாங்கினாள். வாங்கியதும் கழுவி, உப்பும் மஞ்சளும் பூசி, பிரிட்ஜில் வைத்து, கொறக்காப் புளி தாராளமாகப் போட்டு ஆக்கினாள். ஐஸில் கிடந்த மீன் கண்ணை ஏமாற்றும் என்பது தெரியும். ஆனாலும் இதுவரை ஒரு முறைப்பாடும் வந்ததில்லை. அல்லாஹ்வின் காவல் என்று எண்ணிக்கொண்டாள்.

"முப்பது பார்சல் ஓடர், ராத்தா. ஒங்கட வீட்டு ஆணத்துக்கா நான் மீன் வாங்குறேன்?"

ஹுனைஸ் சிரித்துக்கொண்டே பெட்டியை மூடினான்.

"ஒரு மீனுக்கு என்ன கதை கதைக்கிறாய் புள்ள!" என்ற ராத்தா, பாரையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு வேலியைத் தாண்டிவிட்டாள்.

ஹுனைஸை அனுப்பிவிட்டு ஸும்றாவும் பின்னாலேயே போனாள். குசினி வாசலில் ராத்தாவின் மகள் றிஃப்னா முட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க ஒங்கட உம்மா? என்ட மீன் அடுப்புல ஏறிட்டா?"

"மீனா? உம்மா மீன் தின்டா மேலெல்லாம் தடிச்சிரும். எங்கட வீட்டுல மீன் ஆக்கி எத்தனையோ வருசம்." றிஃப்னா பின்வளவைக் கைகாட்டினாள்.

அங்கே தேசிமரம் கொப்பு முறிய எலுமிச்சங்காய்களோடு நின்றது. அதன் அடியில் ராத்தா மண்வெட்டியோடு நின்றாள். பாரை பாதி மண்ணுக்குள்.

"ராத்தா... என்ன செய்றீங்க?"

"நாத்தம் புள்ள. மூணு நாள் மீன்." ராத்தா குரலைத் தணித்தாள். "அன்டைக்கு ஒன்ட பருப்பு கருகி ரோட்டு வரைக்கும் மணத்திச்சு. நீ சட்டிக்குப் பக்கத்துல நின்டு என்னோட சிரிச்சிக் கதைச்சிக்கிட்டிருந்தாய். அப்பவே விளங்கிட்டு."

ஸும்றா குனிந்து பாரையைப் பார்த்தாள்.

"அப்ப, கெட்ட மீன் என்டு ஹுனைஸ்ட முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, ஒனக்கு ஏன் அது தெரியல்ல என்டு அவன் யோசிப்பான். நாளையிலிருந்து பழைய மீனெல்லாம் ஒன்ட தலையிலதான்."

ஸும்றாவுக்கு இப்போது வேறு பயம் வந்தது. "இத ஆருக்கிட்டயெல்லாம் சொல்லிட்டீங்க?"

ராத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. காலால் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினாள்.

"ஊர்க்கதை வேற, ஒன்ட சோறு வேற. றிஃப்னாக்கிட்டயே, தேசிமரத்துக்குப் பசளை போடுறேன் என்டுதான் சொல்லி வெச்சிரிக்கேன்."