மதிவதனிக்கு ஒரு டாக்டர் சீட்

"மதிவதனியை டாக்டருக்குப் படிக்க வைக்கிறதுல எனக்கு இஷ்டமில்லைங்க," என்றான் அன்புச்செல்வன்.

எழில்மதிக்குச் சுருக்கென்றது. "ஏனாம்?"

"பொண்ணுங்க படிச்சுட்டு, கல்யாணம் பண்ணிகினு வூட்டுல உக்காந்துடுறாங்க. ஒரு பையனோட சீட் வீணாப் போவுது. அது நியாயமா?"

"சீட்டுல பையன் பேரா எழுதியிருக்கு? மார்க் வாங்கினவ உக்காரட்டும். நியாயத்தை, அவளை வூட்டுல உக்கார வைக்கிறவங்ககிட்ட கேளுங்க."

அவன் கொஞ்சம் இறங்கி வந்தான். "சரி, கவர்மென்ட் ஸ்கூல்ல சேர்ப்போம். ஏழரை சதவீத ஒதுக்கீடு கிடைக்கும். அவ தம்பியை மட்டும் டவுன்ஷிப் ஸ்கூல்ல இங்கிலீஷ் மீடியத்துல போடலாம்."

"தம்பிக்கு மட்டும் என்ன தனியா? ரெண்டு பேருக்கும் ஒரே ஸ்கூல். இல்லேன்னா பேச்சே வேணாம்."

அன்புச்செல்வன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "சரிங்க. ஒரே ஸ்கூல். அவ டாக்டரே ஆகட்டும்."

அப்போது எழில்மதியின் அம்மா வீரம்மாள் அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பத்து நிமிஷம் பேசிட்டு வாங்கன்னா அரை மணி நேரமா? கூடத்துல பஜ்ஜியே தீந்துபோச்சு. மாப்பிள்ளைக்கு செகண்ட் ஷிப்ட்டாம், மைன்ஸுக்குப் போவணும். பிடிச்சிருக்கா இல்லையா, சொல்லுடி."

எழில்மதி நிதானமாகச் சொன்னாள்:

"மதிவதனி டாக்டராகுறது முடிவாயிடுச்சும்மா. அவ அப்பா யாருன்னுதான் இன்னும் யோசிச்சுகினு இருக்கேன்."